பயப்படுவதற்குச் சம்பளம்

ஸ்குரூ டிரைவரின் மரக் கைப்பிடியால் தூணில் மூன்று தட்டு. பிறகு காதைத் தூணோடு ஒட்டிவைத்து ஒரு நிற்பு. இப்படியே எங்கள் கிளப் வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போய்க்கொண்டிருக்கிறார் கிளெனிஸ் ராட்கே. காலை உணவுக்கு வந்த உறுப்பினர்கள் முட்டையும் ரொட்டியும் தின்றபடி பத்திரிகை வாசிக்கிறார்கள். அவர்கள் மேசையை ஒட்டிய தூணின் முறை வரும்போது, "எந்திரிக்க வேணாம், காலை மட்டும் கொஞ்சம் நகத்துங்க" என்கிறார். வீடு பெருக்க வருகிறவர்களுக்குத் தூக்குவதுபோல் அவர்களும் காலைத் தூக்கிக்கொள்கிறார்கள். தூண் என்ன சொல்லிற்று என்று ஒருவரும் கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே என்ற பயம்.

ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி. குட்டையான உருவம், அகலமான தோள், வெயிலில் சிவந்து சிவந்து கடைசியில் அதே நிறமாக நின்றுவிட்ட கழுத்து. இடுப்பு வாரின் ஒரு பக்கம் டார்ச் விளக்கு, மறு பக்கம் மஞ்சள் ஹெல்மெட். அப்பாவும் இரண்டு அண்ணன்மாரும் இந்த மேட்டு நிலம் முழுவதும் தகரக் கூரை போட்டவர்கள். கிளெனிஸ் சின்ன வயதில் ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றவர். "அவங்க மூணு பேரும் மேல நின்னு கீழ பாத்தாங்க, பயமே இல்ல. நான் கீழ நின்னு மேல பாத்தேன். வீட்டுல இருந்த மொத்தப் பயமும் எனக்குத்தான் வந்து சேந்துச்சு" என்பார்.

எந்த நாற்காலியையும் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்க்காமல் அவர் உட்கார்ந்து நான் கண்டதில்லை. நான் மது ஊற்றிக் கொடுக்கும் கிளப் மதுக்கூடத்தில் அவர் சோதித்துத் தேர்ந்தெடுத்த முக்காலி ஒன்றுதான். அதில் வேறு யாராவது இருந்தால் நின்றுகொண்டே இஞ்சி பீர் குடித்துவிட்டுப் போவார். உணவகங்களில் கதவோர மேசை கிடைக்காவிட்டால் பசியோடு வீடு திரும்புகிறவர். முன்னே ஏதாவது நடந்திருக்குமோ, யாராவது செத்திருப்பார்களோ என்று பலரும் பல விதமாகக் கிளறிப் பார்த்துவிட்டார்கள். நானும் ஒருநாள் கேட்டேன்.

"ஒண்ணும் நடக்கலப்பா வேலு. ஒண்ணுமே நடந்ததில்ல" என்றார். "அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

அந்த மஞ்சள் ஹெல்மெட்டைப் பற்றியும் அவருக்கு மயக்கம் எதுவும் கிடையாது. "இது தலையைக் காப்பாத்தும்னா நினைக்கிற? தலை எங்க கெடக்குன்னு கண்டுபிடிக்க உதவும், அவ்வளவுதான்."

அவர் அறைக் கதவில் 'கட்டடமும் தோட்டமும்' என்று எழுதியிருக்கும். அந்த இரண்டுக்குள் வராதது எங்கள் கிளப்பில் சமையலும் சண்டையும் மட்டும்தான். கம்பளியிலும் கோதுமையிலும் பணம் பார்த்தவர்கள் கொள்ளுத் தாத்தா காலத்தில் கட்டிய மரக் கட்டடம் இது. நூற்றுக்கணக்கான மரக் கட்டைக் கால்கள்மேல் ஆள் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். சுற்றி வராந்தா, மேலே தகரம், முன்னால் புல்வெளி. உறுப்பினர்கள் இதைக் கிளப் என்று சொல்லமாட்டார்கள், 'வீடு' என்பார்கள். இந்த வீட்டில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றால் ஆணி துருப்பிடிக்கும்வரை கூட்டம் நடக்கும். கதவுக்கு என்ன பச்சை அடிப்பது என்று மூன்று கூட்டம் போட்டு, பாரம்பரியக் கட்டட அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டு, பழைய பச்சையையே அடித்தார்கள்.

கரையான் தின்ற கட்டைக் கால்களை எடுத்துவிட்டுப் புதுக் கால் வைக்கும் வேலையைத்தான் கிளெனிஸ் வந்த நாளிலிருந்து செய்துகொண்டிருக்கிறார். மேற்கும் தெற்கும் முடிந்தன. கிழக்கு வராந்தாவின் முறை வந்தபோது ஒயின் நிலவறைக்குக் குளிர்சாதனம் போடவேண்டியதாயிற்று. அது ஒரே கூட்டத்தில் நிறைவேறியது. கிழக்கு வராந்தா அடுத்த ஆண்டுக்குப் போயிற்று. அதற்கடுத்த ஆண்டும் அடுத்த ஆண்டுக்கே போயிற்று.

"கரையானுக்கு ஒயின் குடுத்துப் பாருங்களேன், மயங்கிக் கெடக்கும்" என்று கூட்டத்திலேயே சொன்னாராம். யாரும் சிரிக்கவில்லை. நகைச்சுவை உறுப்பினர்களின் உரிமை.

ஆனால் கட்டடத்தைவிட அவரை ஆட்டிவைத்தது தோட்டத்தில் நின்ற பன்யா மரம்.

கிளப்பை நிறுவியவர்கள் நட்டது. பத்து மாடி உயரம் இருக்கும். பூமியின் தென்பாதியிலுள்ள இந்த நாட்டில் கோடை முற்றும் மாதங்களில், மார்கழி பிறந்து மாசி முடிவதற்குள் என்று நம் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள், உச்சிக் கிளைகளில் காய் பிடிக்கும். காய் என்றால் ஒரு நடுத்தரப் பலாப்பழம். அதே பச்சை, அதே முள், அதே கனம். இலையும் அதே பச்சை என்பதால் கீழிருந்து எத்தனை பேர் கழுத்தொடியப் பார்த்தாலும் தெரியாது. விழும்போதுதான் அது அங்கே இருந்தது தெரியவரும். சில ஆண்டுகள் ஒன்றிரண்டோடு போய்விடும்; சில ஆண்டுகள் மரம் கொள்ளாமல் காய்க்கும். இந்த மண்ணின் ஆதிக்குடிகள் அதன் பருப்பைச் சுட்டுத் தின்னப் பல நாள் நடந்து வந்து கூடுவார்களாம். அவர்கள் அந்த மரத்தின் கீழே படுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

ஊர்ப் பூங்காக்களில் பன்யா மரத்தைச் சுற்றிக் கோடையில் வேலி போட்டுவிடுவார்கள். எங்கள் வீட்டில் அதன் கீழேதான் நிறுவனர் விருந்து. பிப்ரவரி முதல் சனிக்கிழமை, காய் விழும் காலத்தின் நட்ட நடுவில், எண்பது பேர் அந்த நிழலில் மேசை போட்டு உட்காருவார்கள். மரத்தின் அடியை ஒட்டி ஓர் இரும்பு நாற்காலி உண்டு. உயிரோடிருக்கும் உறுப்பினர்களில் மூத்தவர் அதில் உட்காரவேண்டும். அவர் கிண்ணத்தை உயர்த்தி வாழ்த்துச் சொல்ல, எல்லோரும் எழுந்து நின்று காலால் மூன்று முறை ஓங்கித் தரையை மிதிக்க வேண்டும். முதல் விருந்தில் ஒரு கையில் தட்டு, மறு கையில் கிண்ணம். கைதட்ட வழியில்லாமல் காலால் தட்டினார்களாம். அன்று கைக்குப் பதில் நின்ற கால் இன்று சம்பிரதாயமாகிவிட்டது. வாழ்த்து முடியும்வரை மூத்தவர் நாற்காலியை விட்டு எழக்கூடாது.

கிளெனிஸ் ஜனவரி பிறந்தால் அந்த மரத்தின் கீழே கால் வைக்கமாட்டார். கருவிக்கொட்டகைக்கு நேர்வழி அதன் அடியில்தான் போகிறது; அவர் டென்னிஸ் களத்தைச் சுற்றிக்கொண்டு போவார். நடக்கும்போதே மேலே பார்த்தபடி இருப்பார். ஒருமுறை ஆறுதலாக இருக்கட்டுமே என்று, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை அவரிடம் சொன்னேன். எல்லாம் தற்செயல், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

"அந்தப் பழம் எத்தன கிலோ?" என்றார்.

இத்தனை பயம் கொண்டவரை வேலைக்கு வைத்ததே தப்பு என்று சொல்கிறவர்களும் இருந்தார்கள். அதற்கு அவர்களிடம் காரணம் இருந்தது. மூன்று ஆண்டுக்கு முன்னால் நடனக்கூடத்தின் சுண்ணாம்புக் கூரையில் ஒரு விரிசலைக் கண்டு, நடனம் நடக்கவிருந்த அன்று மத்தியானமே கூடத்தைப் பூட்டிவிட்டார். இசைக்குழு வாசலில் நின்றது. பூத்தொட்டிகள் வாசலில் நின்றன. பிறகு ஆட்கள் வந்து வாரக்கணக்கில் பலகை பலகையாகக் கழற்றிப் பார்த்தார்கள். கூரை கல்லுப்போல் இருந்தது. விரிசல் பூச்சில் மட்டும்தான். அன்றிலிருந்து அவர் அறைக்குள் வந்தால் யாராவது ஒருவர் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்வது வழக்கமாயிற்று. கிளெனிஸும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் மதுக்கூடத்தில் தனியாக இருக்கும்போது என்னிடம், "எது உண்மைப் பயம், எது என் பயம்னு எனக்கே இப்ப தெரிய மாட்டேங்குதுப்பா" என்றார்.

தலைவர் ஆங்கஸ் மெர்டன் தானிய வியாபாரி. நல்ல மனிதர், ஆனால் நல்ல மனிதர் என்பது அவருக்கே தெரிந்திருப்பதுதான் கஷ்டம். அவர் கிளெனிஸைக் கூப்பிட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஏம்மா கிளெனிஸ், புலி வருது புலி வருதுன்னு இன்னொரு தடவை ஓடி வந்தேன்னு வையி, அப்புறம் புலி இருக்கோ இல்லையோ, நீ இருக்க மாட்ட."

போன ஆண்டு பன்யா மரம் கொள்ளாமல் காய்த்தது.

ஜனவரியிலேயே இரண்டு விழுந்தன. ஒன்று புல்வெளியில், மற்றொன்று கல் பெஞ்சின் ஓரத்தை உடைத்துக்கொண்டு. விருந்தை வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று கிளெனிஸ் கேட்டார். "இத்தன வருஷத்துல ஒரு மண்டைகூட உடைஞ்சதில்லையே" என்றார் மெர்டன். விருந்துக்கு முதல் நாள் ரோவன் என்ற மரமேறியை வரவழைத்தார் கிளெனிஸ். இரும்புக் கை நீட்டும் வண்டியில் உச்சிவரை போய், காய்களைக் கயிறு கட்டி ஒவ்வொன்றாக இறக்கினான் அவன். கொட்டகையில் அவற்றை வரிசையாக அடுக்கியபோது சந்தையில் பலாப்பழம் இறக்கியது போலிருந்தது.

"மரம் மொட்டை" என்றான் ரோவன். "நிம்மதியாத் தூங்கு கிளெனிஸ்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்தேன்."

"உள் கிளைல?"

"ஏய், நான் உன் புருஷனா, இத்தன தடவ கேக்கிற?"

அவர் கையெழுத்துப் போட்டு மரம் பாதுகாப்பானது என்று குழுவுக்குத் தெரிவித்தார். அன்றிலிருந்துதான் பயம் இரண்டு மடங்காயிற்று. அதற்கு முன் விழுந்தால் அது மரத்தின் குற்றம். இனி விழுந்தால் அவருடையது.

சனிக்கிழமை. தொப்பிகள், வெள்ளை லினன் கோட்டுகள், பூப்போட்ட கவுன்கள். குளிர்ந்த ஆட்டிறைச்சி, உருளைக்கிழங்கு, பாவ்லோவா கேக். மூத்தவர் நாற்காலியில் கத்பர்ட் ஃபென்னர். அந்த நாற்காலியில் அவருக்கு அது முதல் ஆண்டு; முன்னிருந்தவர் குளிர்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். தொண்ணூறு தாண்டிய கத்பர்ட் முழங்கால்கள் இரண்டும் சொன்ன பேச்சுக் கேட்காததால் சக்கர வண்டியில் வந்தவர். நானும் இன்னொருவனும் தூக்கி இரும்பு நாற்காலியில் வைத்தோம். சக்கர வண்டி படத்தில் அழகாயிருக்காது என்று வராந்தாவுக்குப் போயிற்று.

கிளெனிஸ் சமையலறைச் சுவரோரம், நிழலுக்கு வெளியே, தலையில் ஹெல்மெட்டோடு நின்றார். கண் உச்சியில். நான் ஐஸ் எடுக்கப் போனபோது என் சட்டைக் கையைப் பிடித்தார்.

"அங்க பாரு."

ஒரு காக்கட்டூ. மஞ்சள் கொண்டை வைத்த வெள்ளைக் கிளி. உச்சிக்குக் கொஞ்சம் கீழே, கிளைக்குள் நுழைந்தது.

"நுழைஞ்சா என்ன? கிளிதான?"

"நுழைஞ்சது. வெளிய வரல." அவர் விரல்கள் என் கையில் இறுகின. "அது பன்யாக் காயத்தான் கொத்தும் வேலு. அங்க காய் இல்லன்னா அதுக்கு என்ன வேல?"

நான் மேலே பார்த்தேன். பச்சையைத் தவிர எதுவும் தெரியவில்லை. ஆனால் ஏதோ சின்னச் சின்னத் துணுக்குகள் மெல்ல மெல்ல இறங்கி வந்து கத்பர்ட் மேசையின் வெள்ளைத் துணியில் விழுந்துகொண்டிருந்தன. அவர் ரொட்டித் துணுக்கைத் தட்டுவதுபோல் அவற்றை விரலால் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். ஐஸ் வாளி கையில் இருப்பதே மறந்துபோயிற்று.

நிழலின் ஓரத்தில், எங்களுக்குப் பக்கத்து மேசையில் இருந்த மெர்டனிடம் கிளெனிஸ் நேரே போனார். குனிந்து காதில் சொன்னார். மெர்டன் சுற்றியிருந்தவர்களைப் பார்த்துப் புன்னகை செய்தபடி, பல்லிடுக்கில் சொன்னது எனக்கும் கேட்டது: "நேத்து நீதான எழுதிக் குடுத்த? கையெழுத்து உன்னோடதுதான? போ."

திரும்பி வந்தார். சமையலறைச் சுவரில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கிறது. புல்வெளிக்குத் தண்ணீர் விடும் வால்வுகள் அதில்தான். அதைத் திறந்தார். ஒருமுறை என்னைப் பார்த்தார். "போச்சு, எல்லாம் போச்சு" என்று சொல்லிக்கொண்டே அத்தனை வால்வுகளையும் திருகிவிட்டார்.

புல்லுக்குள்ளிருந்து ஸ்பிரிங்ளர்கள் தலை நீட்டிச் சீறின. அப்படி ஓர் ஓட்டத்தை இந்த வீடு கண்டதில்லை. லினன் கோட்டுகளும் தொப்பிகளும் அலறிக்கொண்டு வராந்தாப் படியில் ஏறின. ஓர் அம்மாள் பாவ்லோவா தட்டைத் தலைமேல் பிடித்துக்கொண்டு ஓடினார். நீதிமன்றத்தில் முப்பது ஆண்டு உட்கார்ந்திருந்த ஒருவர் வேலியைத் தாண்டினார். மேசை மேசையாகக் காலியாயிற்று. ஒரு கணம் எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அப்புறம்தான் பார்த்தேன். மரத்தடியில் கத்பர்ட் ஃபென்னர் தனியாக உட்கார்ந்திருந்தார்.

யாரைக் காப்பாற்ற அத்தனையும் செய்தாரோ, அவரால் மட்டும் ஓட முடியாது என்பது கிளெனிஸுக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ" என்று ஒரு சத்தம் கேட்டது. வால்வைத் திருப்பி மூடக்கூட நிற்கவில்லை. ஒன்பது கோடையாக டென்னிஸ் களத்தைச் சுற்றிப் போன அந்த மனுஷி, தண்ணீருக்குள் நேர்க்கோட்டில் மரத்தை நோக்கி ஓடினார். "வேலு, வாடா!" என்ற குரலுக்குப் பின்னால் என் கால்களும் ஓடின. என் கழுத்து தோளுக்குள் புதைந்துகொண்டது. வாழ்க்கையில் அப்படிப் பயந்ததில்லை.

"தூக்கு" என்றார்.

"தொடாத" என்றார் கத்பர்ட். சொட்டச் சொட்ட நனைந்திருந்தார். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. "வாழ்த்து முடியாம நான் எந்திரிக்கக் கூடாது."

"மிஸ்டர் ஃபென்னர், மேல காய் இருக்கு. உங்க தலைக்கு நேரா."

"தெரியும் கண்ணு. காலைலேருந்து தட்டுல குப்ப விழுந்துட்டே இருக்கு." கிழவர் சிரித்தார். "இந்த நாற்காலிக்காக எத்தன பேர் சாகட்டும்னு காத்திருந்தேன் தெரியுமா? வாழ்த்தச் சொல்லிட்டுத்தான் வருவேன். பிடிச்சு இழுத்தேன்னா கடிச்சிடுவேன்."

மேலே சருகு உரசும் சத்தம். கிளி ஒருமுறை கிறீச்சிட்டது. கிளெனிஸ் தன் ஹெல்மெட்டைக் கழற்றிக் கிழவர் தலையில் வைத்து, தாடைக்குக் கீழே வாரை மாட்டினார். அது எதற்கு உதவும் என்று அவர் எனக்குச் சொல்லியிருந்ததை நினைத்தேன். பிறகு கிளெனிஸ் வெறுந்தலையாக, தண்ணீரில் நேராக நிமிர்ந்து நின்று, "சொல்லுங்க. சீக்கிரம்" என்றார்.

கத்பர்ட் சீக்கிரமாகச் சொல்லவில்லை. முப்பது ஆண்டாக மனப்பாடம் செய்து வைத்திருந்ததை முழுதாகச் சொன்னார். நிறுவியவர்களின் பெயர் ஒவ்வொன்றாக. நல்ல மழைக்கு நன்றி. கெட்ட மழைக்கும் நன்றி. கிண்ணத்தில் ஒயினைவிடத் தண்ணீர் அதிகம் இருந்தது. அவர் அதை உயர்த்தியதும் கிளெனிஸ் சேற்றில் மூன்று முறை ஓங்கி மிதித்தார். நானும் மிதித்தேன். பிறகு நாற்காலியோடு அவரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

எதுவும் விழவில்லை.

வராந்தாவில் எண்பது பேர் ஈரத்தோடு நின்று மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விழவில்லை. தேநீர் வந்தது, துண்டுகள் வந்தன, அப்போதும் விழவில்லை. "எங்கம்மா உன் புலி?" என்றார் மெர்டன். யாரோ ஒருவர் தலையை இரண்டு கையாலும் மூடிக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். கிளெனிஸ் அன்று சேர்ந்து சிரிக்கவில்லை. "வால்வத் தெறந்தது நான்தான்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஈரக் காலோடு தன் அறைக்குப் போனார்.

காய் மறுநாள் ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாதபோது விழுந்தது. கிளி பாதி கொத்தித் தின்ற காய். நாற்காலி இருந்த இடத்திலேயே விழுந்திருந்தால் இதை எழுதுகிறவனுக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் அது சற்றுத் தள்ளி, ஈர மண்ணில் மணிக்கட்டு ஆழத்துக்குப் பதிந்து கிடந்தது. "தள்ளித்தானே விழுந்திருக்கு" என்றார்கள் குழுவில். வேலை நீக்கத் தீர்மானம் மேசைக்கு வந்தது. தேநீர் கொடுக்க நான் உள்ளே இருந்தேன். மூத்தவர் என்ற முறையில் வந்திருந்த கத்பர்ட் ஃபென்னர் கையைத் தூக்கினார்.

"நீங்க அத்தன பேரும் ஓடினீங்க" என்றார். "நானும் ஓடியிருப்பேன், கால் இருந்தா. தப்பில்ல. ஆனா உள்ள ஓடி வந்தது ஒருத்திதான். அவள அனுப்புறதுன்னா என்னையும் சேத்து அனுப்புங்க." என்னை அவர் கணக்கில் சேர்க்காததில் எனக்கு வருத்தமில்லை. நான் ஓடியது கிளெனிஸ் கூப்பிட்டதால்தான்.

தீர்மானம் தோற்றது. இந்த ஆண்டு நிறுவனர் விருந்து மரத்தடியில் இல்லை, கிழக்கு வராந்தாவில் என்று மெர்டன் அறிவித்தார். காரணம் பாதுகாப்பு அல்ல. "போன வருஷ அனுபவத்துல புல் ரொம்ப ஈரமாயிருக்கும்னு தோணுது" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். மரத்தைச் சுற்றி முதல் தடவையாகக் கயிறு கட்டப்பட்டது.

கிளெனிஸ் இனி நிம்மதியாக இருப்பார் என்று நினைத்த என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

சேதி கேட்டதும் அவர் முக்காலியைப் பிடித்துக்கொண்டார். "கிழக்கா? எண்பது பேரா? அந்தப் பக்கம் பழைய கால்தானேப்பா இன்னும் நிக்குது!" மறுநாளே ஒரு பொறியாளரை வரவழைத்தார். அவர் அடியில் புகுந்து பார்த்துவிட்டுத் தாங்கும் என்றார்.

"மிதிச்சா?"

"யாரு மிதிக்கப் போறாங்க?"

"எண்பது பேரும். ஒண்ணா. மூணு தடவ."

பொறியாளர் மறுபடி அடியில் புகுந்து வந்தார். சில இரும்பு முட்டுகள் கொடுக்கச் சொன்னார். கிளெனிஸ் அவர் சொன்னதைப்போல் இரண்டு மடங்கு கொடுத்தார். மிதிப்பதை மட்டும் விட்டுவிடலாமே என்று குழுவிடம் கேட்டார். இடத்தை விட்டுக்கொடுத்தவர்கள் காலையும் விட்டுக்கொடுப்பார்களா? மாட்டோம் என்றார்கள்.

இந்தப் பிப்ரவரியின் முதல் சனிக்கிழமை. வராந்தா நிறைய மேசைகள். கத்பர்ட் ஃபென்னர் இரும்பு நாற்காலியில், உலர்ந்த கோட்டில், இரண்டாவது கிண்ணத்தில் இருந்தார். "எங்கய்யா நம்ம பொண்ணு?" என்று என்னைக் கேட்டார். சமையலறையில் இல்லை. அறையில் இல்லை. எனக்குச் சட்டென்று தெரிந்துவிட்டது. ஒரு தட்டில் ஆட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் எடுத்துக்கொண்டு, பக்கவாட்டு மரத் தட்டியைத் திறந்து, குனிந்து உள்ளே போனேன்.

வராந்தாவுக்கு அடியில் மண்ணும் எலியும் மணத்தன. முட்டுகளுக்கு நடுவே டார்ச் ஒன்று தரையில் எரிந்துகொண்டிருந்தது. மேலே நாற்காலிகள் இழுபடும் சத்தம், சிரிப்பு, முள்கரண்டிகள். பழைய உத்தரத்துக்குக் கீழே, சரியாகக் கத்பர்ட் உட்கார்ந்திருந்த இடத்துக்குக் கீழே, ஹெல்மெட்டோடு நின்றுகொண்டிருந்தார் கிளெனிஸ். வலது உள்ளங்கை உத்தரத்தில் பதிந்திருந்தது.

"வெளிய வாங்க கிளெனிஸ். ஏதாவது ஆச்சுன்னா மொத்தமும் உங்க மேலதான் விழும்."

"இங்க நின்னாத்தான் முன்னாடியே தெரியும். மரம் மொதல்ல கைக்குத்தான் சொல்லும்" என்றார். "தெரிஞ்சா கத்துவேன். நீ மேல போய்க் கதவுகிட்ட நில்லு. நான் கத்தினா அந்தக் கெழவனத் தூக்கு. இந்தத் தடவை அவனத்தான் மொதல்ல."

"சாப்பிடுங்களேன்."

"பயப்படுறதுக்குத்தான்ப்பா எனக்குச் சம்பளம். அவங்க சாப்பிடட்டும்."

தட்டை அங்கேயே வைத்தேன். அதற்குள் மேலே நாற்காலிகள் ஒருசேரப் பின்னால் நகர்ந்தன. எண்பது பேர் எழுந்து நின்றார்கள். பலகைகள் முனகின. கத்பர்டின் குரல் மரத்தின் வழியாக இறங்கி வந்தது: நிறுவியவர்களின் பெயர்கள், நல்ல மழை, கெட்ட மழை. நான் கதவுக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை.

முதல் மிதி. உத்தரம் அதிர்ந்தது, பழைய தூசு எங்கள் இருவர்மேலும் கொட்டிற்று. இரண்டாவது மிதி. எங்கோ ஒரு முட்டு கிறீச்சிட்டது.

மூன்றாவது மிதிக்கு முன் கிளெனிஸ் இடது கையையும் தூக்கி, உள்ளங்கை விரித்து, உத்தரத்தில் வைத்தார்.